'பவர் கம்மிதானே... வீட்டுக்குள்ளேயே சுடலாமா?' - மெழுகுக் குண்டு முதல் அபினவ் பிந்த்ரா வரை

1908, லண்டன் ஒலிம்பிக். உடம்பை மூடிய கனமான கோட், முகம் முழுக்கக் கவசம். எதிரெதிரே நின்ற இரண்டு பேர் கைத்துப்பாக்கியைத் தூக்கி, ஒருவரை ஒருவர் நிஜமாகவே சுட்டார்கள். யாரும் சாகவில்லை. காரணம், துப்பாக்கிக்குள் இருந்தது ஈயக் குண்டு இல்லை, மெழுகுக் குண்டு!

பதக்கம் எதுவும் கிடையாது. வெறும் கண்காட்சி ஆட்டம்தான். டெவில்லர் என்ற பிரெஞ்சு டாக்டர் பிரபலப்படுத்திய விளையாட்டு அது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெரிய மனிதர்களுக்கு 'மானப் பிரச்னை' வந்தால் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வது வழக்கம். அதற்குப் பயிற்சி வேண்டாமா? அதற்கு முன், 1906-ல் ஏதென்ஸில் நடந்த போட்டியில் கோட் மாட்டிய பொம்மையை நிற்கவைத்துச் சுட்டார்கள். பொம்மை திருப்பிச் சுடாது. மெழுகு வந்த பிறகு ஆளையே சுட முடிந்தது.

ஒரு விஷயம். அந்தத் துப்பாக்கிகளில் கைவிரல்களை மறைக்கத் தனியாக ஒரு தகடு பொருத்தியிருந்தார்கள். மெழுகுதானே என்று ஒருவர்கூட கவசமில்லாமல் எதிரே நிற்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலுக்குள் ஒரு டுமீல்!

துப்பாக்கி சுடுதல் கற்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும் ஆசை இது. ரேஞ்ச் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறது. தோட்டா விலை கையைக் கடிக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் போனால் கை பழகாது. பேசாமல் வீட்டிலேயே, சத்தம் இல்லாமல், சக்தி குறைந்த குண்டு ஒன்றை வைத்துப் பழகினால் என்ன?

இந்த ஆசைக்கு வயது 180 வருடம். 1845-ல் லூயி-நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதைப் புரிந்துகொள்ள, ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பித்தளைக் கூடு, அதன் தலையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் பிரைமர். பிரைமர் என்பது நம் தீபாவளி பொட்டு வெடி மாதிரி. சுத்தியல் அடித்தால் 'பட்' என்று தீப்பொறி. அந்தப் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்க, அது கிளப்பும் வாயு குண்டைத் தள்ளுகிறது.

ஃப்ளோபேர் வெடிமருந்தையே தூக்கிவிட்டார். பொட்டு வெடியின் சக்தி மட்டுமே சின்ன ஈய உருண்டையைத் தள்ளும். சத்தம் குறைவு, புகை குறைவு. பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளில் விருந்து முடிந்ததும் சுவரில் அட்டையை மாட்டிவிட்டுச் சுட ஆரம்பித்தார்கள். 'பார்லர் கன்' என்று பெயரே வந்துவிட்டது. இன்று உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் .22 தோட்டாவின் கொள்ளுத்தாத்தா இந்த வரவேற்பறை விளையாட்டுப் பொருள்தான். 1857-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் இதே யோசனையைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே வெடிமருந்தும் சேர்த்து .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. விளையாட்டாக ஆரம்பித்தது ஆயுதமாக முடிந்தது.

ஜெர்மனிக்காரர்கள் இதை இன்னும் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். பவேரியாவில் குளிர்காலம் வந்தால் வெளியே நிற்க முடியாது. அதனால் மதுக்கூடங்களின் நீள அறைகளில் 15 மீட்டர் தூரத்துக்குச் சுட 'ஸிம்மர்ஷ்டுட்ஸன்' என்ற துப்பாக்கியே செய்தார்கள். பெயருக்கு அர்த்தம், 'அறைத் துப்பாக்கி'. குண்டு நாலு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிது, கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது என்று சொல்லலாம். அந்தப் போட்டி இன்றும் அங்கே நடக்கிறது.

'தி க்ரோ' படப்பிடிப்பில் நடந்தது

எல்லாம் ஜாலியாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன பிரச்னை? அதற்கு 1993 மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், வில்மிங்டன். 'தி க்ரோ' படப்பிடிப்பு. ஹீரோ பிராண்டன் லீ, வயது 28. புரூஸ் லீயின் மகன். அப்பாவை 1973-ல் எட்டு வயதில் பறிகொடுத்தவர். இந்தப் படம்தான் தன்னைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பியிருந்தார்.

ஒரு காட்சியில் ரிவால்வரை க்ளோஸ்-அப்பில் காட்ட வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே குண்டுகள் தெரிய வேண்டும். அதற்கு 'டம்மி' தோட்டா தேவை. அதாவது பார்க்க நிஜம் மாதிரி இருக்கும், வெடிக்காது. கடையில் தயாராக வாங்க நேரமில்லை. கையில் இருந்த நிஜத் தோட்டாக்களிலிருந்தே டம்மி தயாரித்துவிட்டார்கள். வெடிமருந்தைக் கொட்டியாயிற்று, குண்டைத் திரும்பப் பொருத்தியாயிற்று. அடியில் இருந்த பிரைமரை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தப் பொட்டு வெடி!

யாரோ, எப்போதோ அந்த டம்மியோடு விசையை அழுத்தியிருக்கிறார்கள். பிரைமர் 'பட்' என்றது. அதற்கு, குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளும் அளவுக்குத்தான் தெம்பு இருந்தது. குண்டு வெளியே வரவில்லை, குழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு, பிராண்டன் லீயைச் சுடும் காட்சி. இந்த முறை அதே ரிவால்வரில் 'பிளாங்க்' போட்டார்கள். பிளாங்க் என்றால் நேரெதிர். குண்டு இருக்காது, வெடிமருந்து இருக்கும். சத்தமும் நெருப்பும் மட்டும் வரும். எதிரே நின்ற நடிகர் ஸ்க்ரிப்டில் இருந்தபடி சுட்டார். பிளாங்கின் வேகம், குழலில் காத்திருந்த குண்டைத் தள்ளிக்கொண்டு போய் பிராண்டன் லீயின் வயிற்றில் பாய்ச்சியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் சரிந்ததை நடிப்பு என்றே நினைத்தார்கள். மார்ச் 31 அன்று மருத்துவமனையில் இறந்தார். படம் மறுவருடம் வெளியாகிப் பெரிய ஹிட்.

பாதி குண்டு, பாதி மருந்து. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 'ஆபத்தில்லாத' பொருள்கள். இரண்டும் ஒரே குழலுக்குள் வெவ்வேறு நாளில் சேர்ந்ததுதான் விபரீதம். வீட்டில் கைவேலையாகச் சக்தி குறைந்த தோட்டா செய்கிறவர்களுக்கு நிபுணர்கள் முதலில் சொல்லும் பயமும் இதுதான். சக்தி அதிகமானால் துப்பாக்கி வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சக்தி குறைந்தாலும் வெடிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. குண்டு குழலுக்குள் நின்றுவிட்டது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால், வாயுவுக்குப் போக வழி இருக்காது. குழலே பிளந்து, சுடுகிறவர் கையும் முகமும் சிதையும்.

குண்டே இல்லாத பிளாங்க்கூட சாதுவானது இல்லை. 1984-ல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க டி.வி நடிகர், படப்பிடிப்பு தாமதமான எரிச்சலில் விளையாட்டாக ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே பிளாங்க்தான். வெளியே பாய்ந்த வாயுவின் வேகமே மண்டை ஓட்டை உடைத்துவிட்டது. ஆறு நாள் கழித்து மூளைச்சாவு.

இத்தனைக்குப் பிறகும் 2021 அக்டோபரில், நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் டம்மிகளோடு ஒரு நிஜத் தோட்டா கலந்திருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் பலியானார். ஆயுதப் பொறுப்பாளர் 2024-ல் தண்டிக்கப்பட்டார். டம்மியையும் நிஜத்தையும் கண்காணிக்க ஆள் போட்ட இடத்தில் நடந்தது இது. வீட்டு அலமாரியில் இரண்டு டப்பாக்களை யார் கண்காணிப்பது?

கண்ணுக்குத் தெரியாத தூசு

சத்தம், ரத்தம் எதுவும் இல்லாத இன்னொரு ஆபத்து, ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அது நுண்ணிய புகையாகக் காற்றில் கலக்கும். அதனால்தான் உள்ளரங்க ரேஞ்சுகளில் காற்றை வெளியே இழுக்கப் பெரிய ஏற்பாடு வைத்திருப்பார்கள். ஜன்னலைச் சாத்திய படுக்கையறையில் அது ஏது? தூசு கட்டில் விரிப்பிலும் தரையிலும் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கைவைத்து, அதே கையை வாயில் வைக்கும்.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ல் எல்லையைக் குறைத்தது. மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாவற்றையும் பாதிக்கும் நஞ்சு அது.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிப்பது பொழுதுபோக்கு. யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே யாராவது முயன்றால், கதை வேறு.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிய லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மெழுகு, பிளாஸ்டிக் என்று சமாதானம் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தோட்டா' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் தோட்டாவின் உதிரிப் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அடக்கம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தயாரிப்புக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. அதிகபட்சம், ஆயுள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பது வேறு, தோட்டா தயாரிக்கும் லைசென்ஸ் வேறு.

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே இருந்தது வீட்டு ரேஞ்ச் இல்லை. பாதுகாப்புப் படையினருக்கான முறையான பயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே பயிற்சி நடந்தபோது, தளத்தைத் தாண்டிப் பறந்த ஒரு குண்டு, பக்கத்து ஊரில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் போராடி, 2022 ஜனவரி 3-ல் உயிர் பிரிந்தது. மாவட்ட நிர்வாகம் தளத்தில் பயிற்சியை நிறுத்தியது. இடம் பார்த்து அமைத்த தளத்திலேயே இதுதான் நிலைமை எனும்போது, மூன்றாவது மாடி பால்கனியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்போ சாம்பியன்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்?

இங்கேதான் சுவாரஸ்யம். உலகின் சிறந்த வீரர்கள் வீட்டில் பழகுகிறார்கள், தினமும் பழகுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் தோட்டாவே இல்லாமல்!

'டிரை பிராக்டிஸ்' என்பார்கள். வெறும் துப்பாக்கியை எடுத்து, நின்று, குறிபார்த்து, விசையை அழுத்துவது. அவ்வளவுதான். கேட்க சப்பென்று இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில், நடு மையப் புள்ளியின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி. மூச்சு விட்டால் குழல் ஆடும், இதயம் துடித்தாலே ஆடும். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை இதைச் செய்ய வேண்டும்.

நிஜக் குண்டு சுடும்போது சத்தமும் அதிர்வும் நம் தப்பை மறைத்துவிடும். விசையை இழுக்கும் விரல் துப்பாக்கியையும் சேர்த்து இழுக்கிறதா, இல்லையா என்பது வெறும் துப்பாக்கியில்தான் அப்பட்டமாகத் தெரியும். பாட்டுக் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது குழலில் மாட்டும் சின்ன சென்ஸார்கள் வந்துவிட்டன. ரஷ்யத் தயாரிப்பான 'ஸ்காட்' அதில் பிரபலம். குறி எப்படி அலைபாய்ந்தது, விசை விடுபட்ட நொடியில் எங்கே நின்றது என்று கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து காட்டிவிடும். ஒரு தோட்டாவும் செலவில்லை.

உண்மையில் குண்டு பாய வேண்டும் என்றால், அதற்குத்தான் ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை அழுத்தப்பட்ட காற்று தள்ளுகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை, பிரைமர் ஈயம் இல்லை. ஃப்ளோபேரும் ஜெர்மன் மதுக்கூடக்காரர்களும் தேடிய 'வீட்டுத் துப்பாக்கி' கடைசியில் இந்த வடிவத்தில்தான் வந்து நின்றது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக்குக்குள்ளும் நுழைந்தது.

அபினவ் பிந்த்ரா கதை தெரிந்ததுதான் என்றாலும், வீட்டு விஷயம் பலருக்குத் தெரியாது. சண்டிகரில் அவருடைய அப்பா வீட்டு வளாகத்திலேயே மகனுக்கு ரேஞ்ச் கட்டிக்கொடுத்தார். வசதியான குடும்பம், அதனால் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெய்ஜிங்கின் பிரமாண்ட அரங்கம் பழக வேண்டுமே என்று, 2008-க்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார் மனிதர். மேளதாளம் கேட்டுப் பழகிய மண்டபத்தில் பெல்லட் சத்தம்!

2008 ஆகஸ்ட் 11. தகுதிச் சுற்றில் 596 புள்ளிகளோடு நான்காவது இடம். இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்ப்புக்காகச் சுட்டபோது, குண்டு நான்காம் வளையத்துக்குப் போனது. துப்பாக்கியின் குறிகாட்டி மாறியிருந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே கை நடுங்கியிருக்கும். அவசரமாகத் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் பிந்த்ராவும் சமம். ஹக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அடுத்து 2012-ல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், வளர்ந்தது குஜராத்தில்.

2020 ஊரடங்கில் ரேஞ்சுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, இந்த வீட்டுப் பயிற்சிதான் கைகொடுத்தது. முன்னாள் இந்திய வீரர் ஷிமோன் ஷெரீஃப், ஏப்ரல் மாதம் இணையவழிச் சர்வதேசப் போட்டியே நடத்திவிட்டார். அவரவர் வீட்டில், அவரவர் எலெக்ட்ரானிக் இலக்கின் முன் நின்று சுட, வீடியோ காலில் ஸ்கோர் எண்ணினார்கள். ஆனால், எல்லோருக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் 'ட்ராப்' போட்டியில், வானில் பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் உடைக்க வேண்டும். அதை எந்த ஹாலிலும் பழக முடியாது.

ஏர் கன் பொம்மை இல்லை

20 ஜூல் சக்திக்கு மிகாத, 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கின்றன 2016 ஆயுத விதிகள். போட்டி ரைஃபிள்களின் சக்தி 7.5 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் பார்வை போகும்; அருகிலிருந்து பட்டால் உயிரும் போகலாம். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகக் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் பொருள் அல்ல இது.

வீட்டில் இடம் ஒதுக்க நினைப்பவர்கள், கதவு இல்லாத கெட்டிச் சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுடுமிடத்துக்கும் இலக்குக்கும் நடுவில் வேறு அறை வாசல் திறக்கவே கூடாது. பெல்லட்டைப் பிடித்துவைக்கும் இரும்புப் பெட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. வெறும் சுவரில் சுட்டால் பெல்லட் திரும்பி வரும். கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது. பெல்லட்டும் ஈயம்தான் என்பதால், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும்.

டிரை பிராக்டிஸுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. தோட்டா இருக்கும் அறையில் அதைச் செய்யவே கூடாது. துப்பாக்கியைத் திறந்து, கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை பார்க்க வேண்டும். நடுவில் போன் வந்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. 'காலித் துப்பாக்கி' என்று நினைத்துச் சுடும் விபத்து இப்படியான இடைவெளியில் நடந்துவிடலாம்.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சென்னை, கோவை, திருச்சி என்று பல ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் போனபோது, கூட்டத்தைச் சமாளிக்க போலீஸ் வர வேண்டியிருந்தது. கூட்டம் அவரைப் பார்க்க வந்தது. அவர் வரிசையில் நின்று சுட வந்திருந்தார். கிளப்பில் சேர்ந்தால் துப்பாக்கியை அவர்களே கொடுப்பார்கள், சொந்தமாக வாங்க வேண்டிய அவசியம் ஆரம்பத்தில் இல்லை. முதல் சில நாட்கள் உங்களைச் சுட விடாமல், வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். அதற்கு 'ஹோல்டிங்' என்று பெயர். ஒரு நிமிடம் ஆடாமல் பிடிக்க வந்துவிட்டால், பெல்லட் டப்பாவை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.